முன்னறைப் பூட்டு

லாகோஸ் தீவு, காம்போஸ் வட்டாரம்
9 ஜனவரி 1994

தம்பி பிளாசிடோவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருக்கப் போய்த்தான் இதெல்லாம் செய்ய உனக்கு நேரம் கிடைக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேர் வந்து நம் வீட்டு முன்சுவரை நாடா வைத்து அளந்தார்கள். நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். யாரப்பா நீங்கள் என்று கேட்டேன். ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மற்றவன் கொஞ்சம் மரியாதை தெரிந்தவன். தொப்பியைக் கழற்றிவிட்டு, "சுருலேரே ஐயாதாம்மா அனுப்பினாரு. பக்கத்து பிளாசாவை இந்தப் பக்கமா நீட்டப் போறாங்களாம். நீங்க இங்க வாடகைக்கு இருக்கீங்களா?" என்றான்.

வாடகைக்கு. அடிமை வாழ்வு முடிந்து பிரேசிலிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த நம் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டில், பிறந்த அறையிலேயே அறுபதைத் தாண்டிவிட்ட என்னைப் பார்த்து அவன் அப்படிக் கேட்டான். என் தம்பி என்ன நினைக்கிறான் என்பதை நாடா பிடிக்கிறவன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று மத்தியானமே பெயின்டரைக் கூப்பிட்டு முன்சுவரில் பெரிய எழுத்தில் எழுத வைத்துவிட்டேன்: இந்த வீடு விற்பனைக்கு அல்ல. இந்த ஊரில் பாதிச் சுவர்களில் அந்த வரி இருக்கிறது. அடுத்தவன் வீட்டைத் தன் வீடென்று சொல்லி விற்கும் மோசடிக்காரர்களுக்காக எழுதுவது. நம் சுவரில் யாருக்காக எழுதியிருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அம்மா அப்பா பிள்ளைகளில் நாம் இருவர்தான் மிச்சம். இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட யாரும் விற்க முடியாது. என் கையெழுத்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

உன் அக்கா
பல்பினா

-

சுருலேரே
22 ஜனவரி 1994

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்பே உன் சுவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே தீவில் மரினா தெருப் பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும், "சாந்தானா சார், உங்க வீட்டுல ஏதோ தகராறாமே" என்றார். அந்த வரியை மோசடிக்காரன் படிப்பான் என்று நீ நினைக்கிறாய். லாகோஸில் அதைப் படிக்கிற எவனும், உள்ளே உடன்பிறந்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் புரிந்துகொள்வான்.

உன்னிடம் சொல்லாமல் ஆள் அனுப்பியது சரியில்லைதான். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ எதைக் காவல் காக்கிறாய்? நம் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள்? பெரெய்ரா வீடு துணிக் கிடங்கு. அதற்கடுத்த வீடு பிளாசா. பொழுது விடிவதற்குள் மூட்டைக்காரர்கள், நாள் முழுக்க ஜெனரேட்டர் புகை. குடிக்கிற தண்ணீரையே விலைக்கு வாங்கி மாடிக்குத் தூக்க வைக்கிறாய். படியில் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. பூட்டிக் கிடக்கும் அறைகளுக்கு நடுவில் ஒரு கிழவி. இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே உனக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். தரைத்தளம். குழாயில் தண்ணீர் வரும்.

அந்த வீடு உனக்கு அம்மாவின் வீடு. எனக்கு அது அப்பாவின் தச்சுப் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பழைய பலகைகளிலிருந்து ஆணி பிடுங்க வேண்டும். வளையாமல் பிடுங்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். வளைந்த ஆணிக்கு முதுகில் அடி விழும். அந்த நேரத்தில் நீ மாடியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருப்பாய். இன்றைக்கும் என்னால் ஓர் ஆணியை வளைத்துப் பிடுங்க முடியாது. கை ஒப்பாது.

அப்புறம் ரிஸ்கத் விஷயம். அம்மாவின் அடக்கத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே துணி எடுத்தாய், நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. எங்கேயோ இருந்து வந்த தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் கொடுத்தாய். என் மனைவிக்கு மட்டும் இல்லை. இந்த வீட்டு மருமகள், யார் வீட்டு வேலைக்காரியோ என்று நினைக்கும்படி தன் சொந்த உடையில் ஓரமாக நின்றாள். முஸ்லிம் வீட்டுப் பெண் என்பதால்தானே? அதற்குப் பிறகு அவளும் பாலம் தாண்டித் தீவுக்கு வரவில்லை, நானும் வரவில்லை.

இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். இன்னும் வாடகை வீடு. உனக்கு வீடு இருக்கிறது, எனக்கு அந்த வீட்டில் ஒரு பூட்டு இருக்கிறது. இதைத்தான் பங்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கையெழுத்துப் போடு அக்கா.

பிளாசிடோ

-

காம்போஸ் வட்டாரம்
8 பிப்ரவரி 1994

பிளாசிடோ,

கிழவி என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கிழவிதான். உனக்கு ஆறு வயதே மூத்தவள் என்பதை மட்டும் கண்ணாடி முன்னால் நின்று யோசித்துப் பார்.

மூட்டைக்காரர்கள் நம் வாசற்படியிலும் மூட்டை இறக்குகிறார்கள். நான் திட்டுகிறேன். மறுநாள் குனிந்து காலை வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் இறக்குகிறார்கள். நேற்று ஒருவன் சொன்னான்: "நீங்க திட்டலேன்னா அன்னைக்கு எங்களுக்கு யாவாரமே ஆகறதில்லம்மா." உன் சுருலேரேயில் குழாயில் தண்ணீர் வரும். திட்டு வாங்க ஆள் வருமா? முப்பது வருடம் மரினாவில் கப்பல் கம்பெனிக்கு நடந்தே போய்த் தட்டச்சு செய்துவிட்டு நடந்தே திரும்பியவள் நான். கதீட்ரல் மணி கேட்டு எழுகிறேன். மீன்காரி என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தத் தரைத்தளத்தில் என்னை யார் என்னவென்று கூப்பிடுவார்கள்? சாந்தானா சாரின் அக்கா என்று. நீ பக்கத்தில் இல்லாத நேரத்தில் அதுவும் கிடையாது.

துணி இருந்தது. நான் கொடுக்கவில்லை. அவள் எந்தத் திசை பார்த்துத் தொழுகிறாள் என்பதற்காக இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் ஒருநாள் வந்து தலையணையைத் திருப்பிப் போட்டாளா? பெற்ற மகனே வரவில்லை, வந்தவளைச் சொல்வானேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

பூட்டைப் பற்றிக் கேலியாக எழுதியிருக்கிறாய். அந்தப் பூட்டுக்கு மாதாமாதம் எண்ணெய் போடுகிறவள் நான். இந்த வீட்டுப் பிள்ளை எங்கே போனாலும் அவன் அறை அவனுக்கு. சாவி அவனிடம். அவன் வராமல் வேறு யாரும் திறக்கக் கூடாது. செத்தவனுக்கு மட்டும்தான் பூட்டை உடைப்பது. அப்பா செத்தபோது சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனாலும் செபாஸ்தியாவோ மாமா சுத்தியலால்தான் உடைத்தார். அன்றோடு அந்த அறை வீட்டுக்குத் திரும்பியது. உன் அறையை இத்தனை வருடத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பேனா? மேல்மாடி முன்னறை, வீட்டிலேயே நல்ல அறை, பூட்டியே கிடக்கிறது. மாடி முகப்பில் எழும்பிய மதிலின் மறைவில் இருக்கும் கூரைக்கு அந்த ஜன்னல் வழியாக ஏறி, அப்பாவுக்குப் பயந்து ஒளிந்துகொள்வாயே, அந்த ஜன்னல்கூட நீ சாத்தியபடிதான் இருக்கிறது.

பெரிய வெள்ளி ஏப்ரல் முதல் தேதி வருகிறது. நான் ஃப்ரெஜோன் செய்வேன். பயற்றை வேகவைத்து, அரைத்து, துணியில் வடித்து, தேங்காய்ப்பாலில் ஒரு பகல் பூராவும் கிளறுவதற்கு இன்னும் என் கைக்குத் தெம்பு இருக்கிறது. வந்து சாப்பிடு. கையெழுத்தைப் பற்றிப் பேசினால் அகப்பையால் அடிப்பேன்.

பல்பினா

-

சுருலேரே
15 மார்ச் 1994

அக்கா,

வருகிறேன். ரிஸ்கத் வரமாட்டாள், வற்புறுத்தவும் மாட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் அறையில் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும். பழைய பொருள்களைப் பார்க்க வேண்டும். யாரும் மேலே வராமல் பார்த்துக்கொள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து, பிளாசிடோ வந்துவிட்டான் என்று கொண்டாடவும் வேண்டாம்.

பிளாசிடோ

-

காம்போஸ் வட்டாரம்
5 ஏப்ரல் 1994

என் தம்பிக்கு,

நீ போன பிறகு இரண்டு நாள் யாரையும் திட்டவில்லை. மூட்டைக்காரர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய் ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார்கள்.

எப்படித் தின்றாய். மீன் குழம்பைத் தொடவே இல்லை, ஃப்ரெஜோன் மட்டும் இரண்டு தட்டு. அப்புறம் அம்மாவின் வெள்ளைக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாய். சின்ன வயதில் நீ அப்படித்தான், அடுப்படியிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். படியேறுகிறபோது பின்னாலிருந்து பார்த்தால் அப்பாவின் நடைதான். அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மேலே தட்டுகிற சத்தமும் எதையோ இழுக்கிற சத்தமும் கேட்டது. கட்டிலை நகர்த்துகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகிறாயோ என்று தோன்றியது. அழட்டும், இத்தனை வருட அழுகை பாக்கி இருக்கும் என்று விட்டுவிட்டேன். இறங்கி வந்தபோது உன் கையெல்லாம் துரு. கேட்டதற்குக் கட்டில் இரும்பு என்றாய். என் முகத்தைப் பார்க்காமலேயே கை கழுவினாய். வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறந்த வீட்டில் அழுதால் என்ன?

கிண்ணத்தைக் கொண்டு வரவில்லை. பரவாயில்லை, அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொடு. அதைச் சாக்கிட்டாவது வருவாய்.

ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ரிஸ்கத்துக்கு. நீலத்தில் வெள்ளைப் பூ. அவள் பங்குத் துணி அன்றையிலிருந்து என் பெட்டியின் அடியில்தான் இருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. இப்போது வருகிறது. தைத்து உடுத்திக்கொள்ளச் சொல். அடுத்த பெரிய வெள்ளிக்கு அவளும் வரட்டும்.

பல்பினா

-

சுருலேரே
24 ஏப்ரல் 1994

அக்கா,

துணி கிடைத்தது. ரிஸ்கத் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. நீ ஏன் இப்போது அனுப்பினாய் என்று எனக்கே உன்மேல் கோபம்தான் வந்தது. அனுப்பியிருக்க வேண்டாம்.

நான் வந்து போனதை வைத்துப் பெரிதாக எதையும் கட்டிக்கொள்ளாதே. நிலைமை மாறிவிடவில்லை. பிளாசாக்காரர் மழைக்கு முன் முடிவு கேட்கிறார். நீயும் மழைக்கு முன் முடிவு செய்தால் நல்லது, எல்லோருக்கும் நல்லது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கிண்ணம் அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று. முன்பக்கம் பழைய பகுதி, உத்தரமெல்லாம் வயதானது. உன் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிக்கொள். உடனே மாற்று.

பிளாசிடோ

-

காம்போஸ் வட்டாரம்
28 மே 1994

பிளாசிடோ,

மழை பிடித்துக்கொண்டது. உன் அறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. படியில் வழிந்து கீழ்க்கூடத்துச் சுவர் முழுக்க ஊறிவிட்டது. கொள்ளுத்தாத்தா கையால் வைத்த சுண்ணாம்புப் பூக்களில் ஒன்று நேற்று பொத்தென்று விழுந்தது. நான் அதன் அடியில்தான் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ மழை பார்த்த கூரை. இப்படி ஒழுகியதே இல்லை. தச்சனைக் கூப்பிட்டேன். மதிலுக்குப் பின்னால் இருக்கிற கூரை தெருவிலிருந்து தெரியாது, ஏணியும் எட்டாது. பிளாசாக்காரர் தன் மாடியில் ஏற விட மறுத்துவிட்டார். உன் அறை ஜன்னல் வழியாகத்தான் போக முடியும் என்கிறான் தச்சன்.

சாவியைக் கொடுத்தனுப்பு. வேலை முடிந்ததும் பூட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உன் பொருள் எதையும் தொட மாட்டேன்.

கட்டிலை மாற்றிவிட்டேன். நீ சொன்னதற்காக.

பல்பினா

-

சுருலேரே
11 ஜூன் 1994

அக்கா,

சாவி கொடுக்க முடியாது. சாவி யாரிடமோ அவருக்கே அறை என்று எழுதியவள் நீ. இன்று கூரைக்காகத் திறப்பாய், நாளை எவனாவது துணி மூட்டை வைத்துக்கொள்ளக் கேட்பான், கொடுப்பாய். அப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன அடையாளம்?

கூரை பழையது. வீடு பழையது. இதைத்தான் ஜனவரியிலிருந்து சொல்கிறேன். மழை என் பேச்சைக் கேட்டு வரவில்லை. உன் பாதுகாப்புக்காகக் கட்டடங்களைச் சோதிக்கிற அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். வந்து பார்ப்பார்கள். அவர்கள் சொல்வதையாவது கேள்.

முன்கூடத்தில் உட்காராதே. அரிசியைச் சமையலறையில் வைத்துப் பொறுக்கினால் ஆகாதா?

பிளாசிடோ

-

காம்போஸ் வட்டாரம்
25 ஜூன் 1994

பிளாசிடோ,

உன் பாதுகாப்புக்காக என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? வீட்டுக்குள் மழை பெய்கிறது. வாளி வைத்து வைத்துக் கொட்டுகிறேன். முன்கூடத்து உத்தரத்தில் விரலை அழுத்தினால் உள்ளே போகிறது. இதற்கு மருந்து அதிகாரி இல்லை, ஒரு சாவி.

உன் அறை எனக்கு வேண்டாம். சாவியோடு நீயே வா. வீட்டுக்குள் வரக்கூட வேண்டாம், தெருவில் நின்று தச்சன் கையில் கொடு, முடிந்ததும் வாங்கிக்கொண்டு போ. நான் ஜன்னலில்கூட நிற்கமாட்டேன்.

செபாஸ்தியாவோ மாமா வந்து பார்த்தார். "ஒரு பூட்டுக்காக வீட்டையே விட்டுருவியா? உடைச்சிப் போடு" என்றார். உயிரோடிருக்கிறவன் பூட்டை எப்படி மாமா உடைப்பது என்று கேட்டேன். அக்கா தன் கையால் தம்பியைச் சாகடிக்க மாட்டாள். உனக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு தைரியமாகச் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

கெஞ்சுகிறேன் பிளாசிடோ. எழுதிவிட்டேன், பார். சாவியை அனுப்பு.

பல்பினா

-

சுருலேரே
19 ஜூலை 1994

அக்கா,

பெட்ரோல் ஊழியர்கள் வேலைநிறுத்தம். வண்டி இல்லை, பஸ் இல்லை. இதையே ஒருவரிடம் கெஞ்சித்தான் கொடுத்தனுப்புகிறேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. அடியில் கையெழுத்துப் போட்டு இந்த ஆளிடமே கொடு. கையெழுத்து வந்தால் சாவி வரும்.

இதைப் படித்துவிட்டு என்னை என்ன நினைப்பாய் என்று தெரியும். நீ அந்தத் தரைத்தளத்து வீட்டில் ஒரு மழைக்காலம் காலை நனைக்காமல் இருந்து பார்த்தபிறகு வேறு மாதிரி நினைப்பாய்.

பின்னறையில்தானே படுக்கிறாய்?

பிளாசிடோ

-

காம்போஸ் வட்டாரம்
4 செப்டம்பர் 1994

சுருலேரேயில் இருக்கிற பிளாசிடோ சாந்தானா அவர்களுக்கு,

உங்கள் ஆள் வெறும் கையோடு திரும்பியது தெரிந்திருக்கும். பத்திரத்தை அடுப்பில் வைத்தேன். ஈரம், சரியாக எரியவில்லை.

ஆகஸ்டில் முன்கூடத்து மச்சு இறங்கியது. நான் சமையலறையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். உள்ளே வராமலேயே தெருவில் நின்று, நான் சுவரில் எழுதியதன் மேலேயே சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மூட்டைக்காரர்கள் அன்று யாரும் நம் படியில் மூட்டை இறக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் கடைசிக் கடிதத்தை மறுபடியும் படித்தேன். கையெழுத்து வந்தால் சாவி வரும். என் தம்பி இப்படி எழுதமாட்டான் என்று தோன்றியது. எழுதமாட்டான் என்றால் இதை எழுதியவன் என் தம்பி இல்லை. என் தம்பி எங்கே போனான் என்று யோசித்தேன். அப்புறம் செபாஸ்தியாவோ மாமாவுக்கு ஆள் அனுப்பினேன்.

மாமா சுத்தியலோடு வந்தார். வட்டாரத்துப் பழைய வீட்டுக்காரர்களும் முறைப்படி வந்தார்கள். கதவு முன்னால் நின்று மாமா, "நல்லா யோசிச்சுக்க பல்பினா. இதுக்கப்புறம் அவன் வந்தாலும் இந்த வீட்டுக்கு விருந்தாளிதான்" என்றார். உடையுங்கள் என்றேன். எண்ணெய் போட்டு வைத்த பூட்டு. சட்டென்று உடைந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் வெளிச்சம். இந்த அறையில் இவ்வளவு வெளிச்சம் ஏது என்று முதலில் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வானம். கூரைத் தகரங்கள் காற்றில் பறந்துபோகவில்லை. சுவரோரம் பெரிது சிறிது பார்த்து அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. தகரம் மிஞ்சியிருந்த ஒரு மூலைக்கு இழுத்துப் போட்ட கட்டில் மேல் அம்மாவின் வெள்ளைக் கிண்ணம். அது நிறைய ஆணி.

ஒன்றுகூட வளையவில்லை.

மாமா ஓர் ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். மறுபடி கிண்ணத்திலேயே போட்டுவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஏப்ரலில் உட்கார்ந்திருந்த அதே படி. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஆணிகளைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினேன். அடியில் தேங்காய்ப்பால் காய்ந்து கறுத்திருந்தது, ஆனால் பயறு கொஞ்சம்கூட மீதி இல்லை. நான் கொடுத்ததை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறீர்கள்.

கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான் சாகக் கூடாது, வீடு மட்டும் சாக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். முயன்று பார்த்தேன், நன்றி வரவில்லை.

திங்கட்கிழமை கதீட்ரலில் என் தம்பிக்குத் திருப்பலி. உயிரோடு இருக்கிறவருக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை எப்படி வைப்பது என்று ஃபாதர் தயங்கினார். பூட்டு உடைந்ததைச் சொன்னேன். அவர் இந்த வட்டாரத்தில் வெகுநாள் இருந்தவர். எப்போது இறந்தார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பெரிய வெள்ளியன்று என்றேன்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அந்தத் துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தைத்து உடுத்திக்கொள்ளலாம். இந்த வீட்டில் இப்போது அதற்கு ஒரு சாவு நடந்திருக்கிறது.

இடிக்க வருவார்கள் என்கிறார்கள். வரட்டும். இடித்தாலும் மண் இங்கேதான் இருக்கும். மண்ணை விற்கவும் இரண்டு கையெழுத்து வேண்டும். பிளாசாக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை நான் பின்னறையில் இருக்கிறேன். தச்சன் நாளைக்கு வருகிறான். இப்போது ஜன்னல் வழியாக ஏறலாம்.

உடைந்த பூட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அது உங்களுடையது. ஆணிகளை அனுப்பவில்லை. கூரைக்கு வேண்டும்.

பல்பினா சாந்தானா